கவுட்: மாத்திரை தொடங்கியதும் வலி ஏன் கூடுகிறது?

[திரையில்: போர்வைக்கு வெளியே நீட்டிய ஒரு கால்]

ராத்திரி இரண்டு மணி. கால் கட்டைவிரல் சிவந்து வீங்கியிருக்கிறது. போர்வை பட்டாலே உயிர் போகிறது. கவுட் என்ற மூட்டு நோய் வந்தவர்களுக்கு இந்த வலியைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டாம். சொல்லித் தர வேண்டியது வேறு.

ரத்தத்தில் யூரிக் அமிலம் அளவு மீறிக் கிடந்தால், மூட்டுக்குள் ஊசி ஊசியாகப் படிகம் கட்டும். பாகு ஆறும்போது கற்கண்டு கட்டுமே, அந்த மாதிரி. கட்டைவிரல் உடம்பின் உள்பகுதியைவிடச் சூடு குறைந்த இடம். பலருக்கும் அங்கே தொடங்குவதற்கு அது ஒரு காரணம்.

அலோப்யூரினால் மாத்திரை இந்த அமிலத்தைக் குறைக்கும். பெரும்பாலும் 100 மில்லிகிராமிலோ அதற்கும் குறைவாகவோ தொடங்கி, ரத்தப் பரிசோதனை பார்த்து மெல்ல ஏற்றுவார்கள். டெசிலிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழே வந்தால் பழைய படிகங்கள் கரையும்.

[திரையில்: கரையும் படிகம், வீங்கும் மூட்டு]

சிக்கல் இங்கேதான். கரையும்போது மூட்டு மறுபடி வீங்கலாம். முதல் சில மாதங்களுக்கு இது சகஜம். அதற்காகவே வீக்கத்தைத் தடுக்கும் கோல்கிசின் மாத்திரையும் சேர்த்துக் கொடுப்பதுண்டு. இதை யாரும் சொல்லாவிட்டால் நோயாளி என்ன நினைப்பார்? “மாத்திரை ஒத்துக்கல.” அப்புறம் டப்பா அலமாரிக்குப் போய்விடும்.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 517 கவுட் நோயாளிகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான குடும்ப மருத்துவர். இன்னொரு பாதிக்குக் கவுட் பற்றிப் பயிற்சி பெற்ற நர்ஸ்கள். நோயைப் பற்றி நோயாளி என்ன நினைக்கிறார் என்று கேட்டு, விளக்கி, சிகிச்சையை அவரோடு சேர்ந்தே முடிவு செய்தார்கள். கறியும் பீரும் மட்டுமே குற்றவாளி என்று வெட்கப்பட்டுக்கொண்டிருப்பவருக்கு, சிறுநீரகம் அமிலத்தைச் சரியாக வெளியேற்றாததே பெரும்பாலும் மூல காரணம் என்று தெரிவதே பாதி நிம்மதி.

இரண்டு வருடம் கழித்து, நர்ஸ்கள் பார்த்தவர்களில் 95 சதவீதம் பேர் அந்த 6-க்குக் கீழே என்ற இலக்கைத் தொட்டார்கள். மற்றவர்களில் 30 சதவீதம். இந்த ஆய்வு 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது.

சரி, விளக்கம் மட்டுமா காரணம்? இல்லை, டோஸும் ஒழுங்காக ஏறியது. ஆனால் மாத்திரையை விடாமல் போடுகிறவருக்குத்தானே டோஸை ஏற்ற முடியும்!

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது “என் யூரிக் அமிலம் இப்போ எவ்வளவு?” என்று கேளுங்கள். வலி வந்தாலும், வலி போனாலும், அவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஒரே விதிவிலக்கு: தோலில் தடிப்பு வந்தால் உடனே நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள்.