கிடங்கு அப்புறம், தராசு முதலில்: நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. ராயக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "நாங்கள் 40 குடும்பங்கள் சேர்ந்து, விளைந்ததை ஒரே இடத்தில் சேர்த்து, தரம் பிரித்து, நேராகப் பெங்களூருக்கு அனுப்ப ஓர் உணவு மையம் தொடங்கப் போகிறோம். குளிர்பதனக் கிடங்கு கட்ட எவ்வளவு ஆகும்?"

கிடங்கு இருக்கட்டும் தம்பி. நான் எங்கே வரப்போகிறேன் என்று பழைய நேயர்களுக்குத் தெரியும், சிரித்துக்கொள்ளுங்கள். தராசு. முதலில் தராசு, பிறகு துண்டுச் சீட்டு, அப்புறம்தான் சுவர்.

கிடங்கு என்றால் எல்லாவற்றையும் ஒரே அறையில் அடைத்துவிடலாம் என்று நினைக்கிறோம். பச்சையாகப் பறித்த தக்காளியை 10 டிகிரிக்குக் கீழே வைத்தால் சரியாகப் பழுக்காது. வாழைக்கு 13 டிகிரிக்குக் கீழே போனாலே தோல் கறுக்கும். ஓரிரு நாள் தாங்கினால் போதும் என்றால், டில்லி பூசா ஆராய்ச்சி நிறுவனம் சொல்லிக்கொடுத்த செங்கல் தொட்டியே போதும். இரட்டைச் சுவர், நடுவில் ஏழரை சென்டிமீட்டர் இடைவெளி, அதில் ஆற்று மணல், காலையும் மாலையும் தண்ணீர். மின்சாரமே வேண்டாம். மழைக்காலத்தில் மட்டும் அவ்வளவாகக் குளிராது.

தராசுக்கு வருகிறேன். ஒரு குழுவில் பார்த்தேன். தரம் பிரிக்கும் அம்மா, பெட்டியை அந்த விவசாயியின் கண்ணெதிரே தார்ப்பாயில் கொட்டுவார். வெடித்த பழம், பொடிப் பழம் தனிக்கூடைக்குப் போகும். அந்தக் கூடையை விவசாயியே வீட்டுக்கு எடுத்துப் போகலாம். முதல் தரம் எவ்வளவு, இரண்டாம் தரம் எவ்வளவு, திரும்பியது எவ்வளவு என்று சீட்டில் மூன்றே வரி. ஒரு பெரியவர் ஒற்றைத் தக்காளிக்காகக் கால் மணி நேரம் வாதாடினார். வாதாடட்டும்! கண்ணுக்குத் தெரியாமல் கழித்திருந்தால் வாதாடியிருக்க மாட்டார், மறுநாள் வந்தும் இருக்க மாட்டார்.

குஜராத்தின் கேடா மாவட்டத்தில் 1946-இல் தொடங்கிய பால் சங்கத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே பாலின் கொழுப்பைச் சோதித்து, அதற்கேற்பப் பணம். ஊற்றியவர் எந்தச் சாதி, எத்தனை மாடு என்பது அந்தக் கணக்கில் வராது. நம் பெங்களூரில் பழம், காய்கறி விற்கிற ஹாப்காம்ஸ் கடையும் 1959-இல் திராட்சை விவசாயிகளின் கூட்டுறவாகப் பிறந்ததுதான். ஒரே ஒரு பயிர். நீங்களும் முதலில் தக்காளியோடு நில்லுங்கள்.

தம்பி என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. அந்த 40 பேரில் எத்தனை பேர் கமிஷன் மண்டியில் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள்? நாற்று வாங்க, மருந்தடிக்க, பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட என்று மண்டிக்காரர் கொடுத்திருப்பார். வாங்கியவர் சரக்கை அங்கேதான் போட்டாக வேண்டும். மண்டிக்காரரைத் திட்டிப் பயனில்லை. அவசரத்துக்கு உதவுகிறவர் அவர்தான். அந்த இடத்தை யார் நிரப்புவது? 2023 ஜூலையில் தக்காளி சில்லறை விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியதே, அப்படி ஒரு நாளில் பேசிய விலைக்கு உங்கள் மையத்தில் யார் போடுவார்கள்? அதனால் விளைச்சலில் பாதியை மையத்துக்கு, மீதியை அவரவர் விருப்பத்துக்கு என்று தொடக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முழுவதையும் கேட்டால் பாதிகூட வராது.

பதிவு பற்றியும் ஒரு வார்த்தை. விவசாயிகளே பங்குதாரர்களாக இருக்கும் உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்கப் 10 விவசாயிகள் போதும். ஆனால் 2020-இல் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில் உதவி பெற, சமவெளியில் குறைந்தது 300 உறுப்பினர் வேண்டும் என்று விதி வைத்தார்கள். அப்படி ஒரு விதிக்குப் பக்கத்து ஊர்களையும் சேர்க்காமல் முடியாது.

யார் எவ்வளவு முன்பணம் வாங்கியிருக்கிறார்கள் என்று கணக்கெடுத்துவிட்டு மறுபடி எழுதுங்கள் தம்பி. அப்போது கிடங்கைப் பற்றிப் பேசுவோம். அடுத்த கேள்வி, அல்சூரிலிருந்து ஓர் அம்மா மாடித் தோட்டத்தைப் பற்றிக் கேட்கிறார்.