காட்டுச் சாலைக் கேட் ஒன்பது மணிக்கு மூடும்

நேயர்களுக்கு வணக்கம். காட்டோரத்தில் நடக்கும் வெளியூர்க் கல்யாணத்துக்கு ஆட்களை எப்படிக் கூட்டிப்போவது என்று இன்றைக்குச் சொல்கிறேன்.

எங்கள் தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை பக்கத்துக் கல்யாணங்களுக்கு ஒரு வசதி உண்டு. மண்டபம் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கும். பத்திரிகை வைத்துவிட்டால் போதும், ஆட்கள் தாமாக வந்து சேர்வார்கள். ஷேர் ஆட்டோவில் வருவார்கள், இல்லாவிட்டால் நடந்தே வருவார்கள். ராத்திரி மண்டபத்திலேயே ஜமுக்காளத்தை விரித்துப் படுத்து, விடிந்ததும் எழுந்து நாஸ்டா சாப்பிட்டு, தாலி கட்டும் நேரத்துக்கு அட்சதையோடு நிற்பார்கள். யாரும் யாருக்கும் ரூம் போட்டதில்லை.

நான் 31 வருஷம் ரயில்வே முன்பதிவு கவுண்ட்டரில் உட்கார்ந்தவள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் கிளம்பியதே எங்கள் ராயபுரத்திலிருந்துதான், வாலாஜா ரோடு வரைக்கும். இதைச் சொல்லாமல் நான் எந்தப் பேச்சையும் ஆரம்பிப்பதில்லை. என் பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள், செய்துகொள்ளட்டும். கல்யாணத்துக்கு ஆட்களைக் கூட்டிப்போவது எனக்கு வேலையாக ஆரம்பித்து, ஓய்வு பெற்ற பிறகு பைத்தியமாகவே ஆகிவிட்டது. தெருவில் யார் வீட்டு வெளியூர்க் கல்யாணம் என்றாலும் பேரேடும் பேனாவும் என் கையில்தான் வரும்.

போன ஆவணியில் எதிர்வீட்டு அக்கா மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் காடு என்றால் உயிர். நீலகிரியில் முதுமலைக் காட்டுக்குப் பக்கத்தில், மசினகுடியில்தான் தாலி கட்டுவேன் என்று நின்றுவிட்டார். பெண்ணும் தலையாட்டிவிட்டாள். பெண்ணின் பெரியப்பா மட்டும், "இன்னாம்மா இது, யானைக்கா பத்திரிகை வெக்கப் போறீங்க?" என்று கேட்டார். இன்னொருத்தர், தேசியப் பூங்காதானே வேண்டும், கிண்டியிலேயே ஒன்று இருக்கிறதே, 18கே பஸ் ஏறினால் முடிந்தது என்றார். பஸ் எண் சரியா என்று என்னைக் கேட்காதீர்கள், நான் ரயில்காரி.

கிண்டியானாலும் முதுமலையானாலும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பூங்காவுக்குள் பந்தல் போட முடியாது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் கொடுக்காது. முதுமலை 1940-லேயே சரணாலயமானது, 2007-இல் புலிகள் காப்பகமும் ஆனது. ஆகவே காட்டுக் கல்யாணம் என்று நாம் சொல்வது, காட்டின் ஓரத்தில் இருக்கும் தனியார் விடுதியில் நடக்கும் கல்யாணம்தான். காடு கண்ணுக்குத் தெரியும். சத்தமும் கேட்கும். நம் சத்தமும் அதற்குக் கேட்கும், அதனால் வெடியும் இல்லை, பாட்டுக் கச்சேரியும் இல்லை.

சரி, ஆட்களைக் கூட்டிப்போகும் விஷயத்துக்கு வருகிறேன். என் கணக்கு ஒன்றே ஒன்றுதான். எல்லாரும் வீட்டிலிருந்து ஆரம்பிப்பார்கள், எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று. நான் கேட்டிலிருந்து ஆரம்பிப்பேன். முதுமலை வழியாகப் போகும் சாலையில் இரவு 9 மணிக்குக் கேட்டை மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். கர்நாடகப் பக்கம் பந்திப்பூரிலும் 2009-இலிருந்து அதே நேரம்தான். ராத்திரியில் விலங்குகள் சாலையைக் கடக்கும், வண்டியில் அடிபடக் கூடாது என்பதற்காக. ஆம்புலன்ஸ் மாதிரி சிலவற்றுக்குத்தான் விலக்கு. கொருக்குப்பேட்டை கேட்டில் நின்று பழகிய நமக்குக் கேட்டு புதுசில்லை. ஆனால் கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் வண்டி போனதும் திறந்துவிடுவார்கள். இது விடியும்வரை திறக்காது.

அந்தக் கல்யாணத்துக்கு மொத்தம் 58 பேர். அதில் 46 பேரை ரயிலில் நான் கூட்டிப்போனேன். மீதி 12 பேர் சனிக்கிழமைதான் லீவு கிடைக்கும் என்று சொன்னதால் தனி வேன். அந்த வேனில் பெண்ணின் தாய்மாமன். துறைமுகத்தில் வேலை. பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டியவர் அவர். பட்டமும் அவர் பையிலேயே இருந்தது.

காலை 4 மணிக்குக் கிளம்ப வேண்டிய வேன், யாரோ ஒருத்தியின் ஜாக்கெட் தையல்காரரிடமிருந்து வரவில்லை என்று ஆறரைக்குக் கிளம்பியது. ஊட்டியைத் தொடும்போது மாலை ஆறே முக்கால். ஓட்டுநர் போனில் பார்த்தார். கல்லட்டி வழியாக மசினகுடி சுமார் 30 கிலோமீட்டர், ஒரு மணி நேரம் என்று காட்டியது. கல்லட்டிச் சாலை பிரியும் தலைகுந்தாவில் வண்டியைத் திருப்பும்போது போலீஸ்காரர் கை காட்டி நிறுத்திவிட்டார். அந்தச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவு. செங்குத்தான இறக்கம், விபத்தும் நிறைய நடந்திருக்கிறது. அதனால் நீலகிரி எண் இல்லாத வண்டிகளைக் கீழே இறங்க விடுவதில்லை. டி.என். 43 என்று இருக்க வேண்டும். நம்மிடம் இருந்தது வடசென்னை எண். நேராகப் போய்க் கூடலூர் சுற்றி வாருங்கள் என்று சொல்லிவிட்டார். போனுக்கு இதெல்லாம் தெரியாது. போன் தூரத்தைத்தான் சொல்லும்.

கூடலூர் சுற்றினால் தூரம் இரண்டு மடங்குக்கு மேல். பைக்காராவில் ஒரு பையனுக்கு வாந்தி, அதை ஒட்டி எல்லாருக்கும் டீ. நடுவட்டத்தில் மூடுபனி, வண்டி ஊர்ந்தது. கூடலூரைத் தாண்டி தொரப்பள்ளி கேட்டுக்கு முன்னால் வண்டி நின்றபோது மணி ஒன்பது ஏழு. ஏழே நிமிஷம். தாய்மாமன் இறங்கிப்போய்ப் பத்திரிகையைக் காட்டினார். பையிலிருந்து பட்டத்தையே எடுத்துக் காட்டினார். அங்கிருந்த வனக்காவலர் ரொம்ப மரியாதையாகச் சொன்னாராம்: "அண்ணே, எனக்குப் புரியுது. யானைக்குப் புரியணுமே."

திரும்பிக் கூடலூருக்கு வந்து, கதவு மூடப்போன ஒரு லாட்ஜில் இரண்டே ரூம் கிடைத்தது. பெண்களும் குழந்தைகளும் அதில், ஆண்கள் வேனில். விடியற்காலை ஐந்தரைக்கே போய்க் கேட்டுக்கு முன் முதல் வண்டியாக நின்றார்கள். ஆறு மணிக்குத் திறந்தது. முகூர்த்தம் ஏழரைக்கு. நான் இங்கே மசினகுடியில் வாசலுக்கும் மணவறைக்கும் நடந்து நடந்து காலே வலித்துவிட்டது. போனும் கிடைக்கவில்லை. ஆறு ஐம்பதுக்கு வேன் வந்தது. குளிக்க நேரமில்லாமல் தலையில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு மனிதர் பட்டம் கட்டினார். போட்டோவில் பார்த்தால் அவர் முடி மட்டும் எழும்பி நிற்கும்.

தப்பு என்னுடையது. ரயிலில் வந்த 46 பேருக்கும் கையில் ஒரு தாள் கொடுத்திருந்தேன். வேன்காரர்கள் தாமாகப் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டேன். அதனால்தான் சொல்கிறேன், கேட்டிலிருந்து பின்னால் எண்ணுங்கள். ஒன்பதுக்குக் கேட்டு மூடும். மலைப்பாதையில் இருட்டில் ஓட்ட வேண்டாம் என்றால் ஆறு மணிக்குள் கேட்டைத் தாண்ட வேண்டும். அப்படியானால் ஊட்டியை மூன்று மணிக்குள் விட வேண்டும், மேட்டுப்பாளையத்தைப் பதினொன்றுக்குள். அப்போது தண்டையார்பேட்டையிலிருந்து எப்போது கிளம்புவது? முந்தின ராத்திரி. ஜாக்கெட்டை அதற்கும் முந்தின நாளே வாங்கிவிட வேண்டும்.

ரயிலைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. சென்ட்ரலில் இரவு ஒன்பது மணிக்கு மேல் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம். முன்பு 120 நாளுக்கு முன் பதிவு செய்யலாம், 2024 நவம்பரிலிருந்து அது 60 நாள். முகூர்த்தத் தேதி முடிவானதும் நாட்காட்டியில் அந்த அறுபதாவது நாளை வட்டம் போடுங்கள். ஒரு டிக்கெட்டில் ஆறு பேர்தான். இங்கேதான் எல்லாரும் ஒரு தப்பு செய்வார்கள். குடும்பம் ஒன்றாக இருக்கட்டும் என்று பாட்டியையும் பேரன்களையும் ஒரே டிக்கெட்டில் போடுவார்கள். பாட்டிக்கு மேல் பெர்த் வரும். கவுண்ட்டரில் வந்து என்னிடம் சண்டை போடுவார்கள். கீழ் பெர்த்துக்கு என்று தனி ஒதுக்கீடு இருக்கிறது. அறுபது வயதான ஆண்களுக்கும் நாற்பத்தைந்து வயதான பெண்களுக்கும். ஆனால் அந்த டிக்கெட்டில் அவர் தனியாகவோ, அப்படிப்பட்ட இன்னொருத்தரோடு சேர்த்து இரண்டு பேராகவோ இருக்க வேண்டும். ஆகவே பெரியவர்களை இரண்டு இரண்டு பேராகப் பிரித்துத் தனி டிக்கெட் போடுங்கள். மறுபடியும் சொல்கிறேன், இரண்டு இரண்டு பேராக. பேரன் பக்கத்துப் பெட்டியில் இருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

கடைசி நேரத்தில் ஒருத்தர் வரவில்லை, அவருக்குப் பதில் இன்னொருத்தர் என்பது கல்யாணத்தில் நடக்காமல் இருக்காது. கல்யாணக் கோஷ்டி என்று குழுவாகப் பதிவு செய்திருந்தால், ரயில் கிளம்ப 48 மணி நேரத்துக்கு முன் குழுத் தலைவர் எழுதிக் கொடுத்துப் பெயர் மாற்றிக்கொள்ளலாம். பத்து சதவீதம் பேர் வரைக்கும்தான், அதுவும் ஒரே முறை.

மலைப்பாதையே ஒத்துக்கொள்ளாது என்பவர்களுக்கு மைசூரு வழி இருக்கிறது. சென்ட்ரலில் விடியற்காலை வந்தே பாரத் ஏறினால் மதியம் மைசூரு. அங்கிருந்து பந்திப்பூர் வழியாகச் சமதளச் சாலை, ஏறக்குறைய 90 கிலோமீட்டர். வேறு மாநில வண்டி என்பதால் பெர்மிட் பணம் யார் கட்டுவது என்பதை ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். நாங்கள் மேட்டுப்பாளையத்தில் 43 எண் வண்டிகளைத்தான் பிடித்தோம். அவை கல்லட்டியில் இறங்கலாம். இருந்தாலும் மூத்தவர்கள் வண்டியை நான் கூடலூர் வழியாகத்தான் அனுப்பினேன். இன்னொன்று, நீலகிரிக்கு வெளியூர் வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ், அதாவது ஆன்லைன் அனுமதிச் சீட்டு, எடுக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7-இலிருந்து வந்தது. அரசு பஸ்ஸில் போனால் வேண்டாம்.

தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டேன். நம் பக்கம் இலைக்கு ஒரு சின்ன பாட்டில் வைப்பது வழக்கமாகிவிட்டது. நீலகிரியில் அந்தப் பாட்டிலுக்குத் தடை. பெண்ணின் சித்தப்பா பத்துப் பெட்டி வாங்கி ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்தார். பர்லியார் சோதனைச் சாவடியில் பத்தையும் இறக்கிவிட்டுத்தான் போகச் சொன்னார்கள். எவர்சில்வர் டம்ளர் இருக்கிறதே, அதற்கு என்ன குறை?

அப்புறம் தங்குவது. விடுதிக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன், உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள், பார்க்க ஒரு நகலும் கேளுங்கள். மசினகுடி, பொக்காபுரம் பக்கம் யானை வழித்தடத்தில் இருந்த பல விடுதிகளுக்கு 2018-இல் சீல் வைத்தார்கள். 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை யானை வழித்தடம் என்று அரசு அறிவித்தது செல்லும் என்று தீர்ப்பளித்தது. கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன் விடுதி கதவில் சீல் இருந்தால் 58 பேரோடு எங்கே நிற்பது?

அங்கே ஒரே இடத்தில் 58 பேருக்கு ரூம் கிடைப்பது கஷ்டம். நாங்கள் மூன்று இடத்தில் பிரித்தோம். பிரிக்கும்போது உறவு முறை பார்க்காதீர்கள், எழுந்திருக்கும் நேரத்தைப் பாருங்கள். விடியற்காலை நாலு மணிக்கு எழ வேண்டியவர்கள், பெண்ணுக்கு அலங்காரம் செய்கிறவர்கள், முழங்கால் வலிக்காரர்கள், இவர்களெல்லாம் முகூர்த்தம் நடக்கும் இடத்திலேயே இருக்கட்டும். பையன்கள் தூரத்து வீட்டில். இருட்டிய பிறகு ஒரு விடுதியிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போகக்கூடாது, அது யானை நடக்கும் நேரம். ஆகவே ராத்திரி சாப்பாடும் மாத்திரையும் அவரவர் இடத்துக்கே ஏழு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். ஒரு பெரியம்மா காசிமேட்டு வஞ்சிரத்தை வறுத்து டப்பாவில் கொண்டுவந்தார். தெப்பக்காட்டில் வண்டி நின்ற அரை நிமிஷத்தில் ஒரு குரங்கு டப்பாவையே கொண்டுபோய்விட்டது. ரெண்டு நாள் அதே பேச்சு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், இரண்டு நிமிஷம்தான் இருக்கிறதாம். திரும்பி வருவதைப் பற்றித்தான் நிறைய எழுதி வைத்திருந்தேன். போகும்போது எல்லாரும் திட்டம் போடுவார்கள், திரும்பும்போது யாரும் போடுவதில்லை. சரி, சுருக்கமாக. மதியச் சாப்பாட்டை 11 மணிக்கே ஆரம்பித்துவிடுங்கள். ஒன்றரைக்கு வண்டி கிளம்ப வேண்டும். ராத்திரி மேட்டுப்பாளையத்தில் ரயில் உங்களுக்காக நிற்காது. மேலே ஏறும்போது கல்லட்டி வழியில் தடையில்லை, அது ஒரு சௌகரியம். திரும்பும் ரயில் பெரம்பூரில் நிற்குமா என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். நின்றால் நம் ஆட்கள் சென்ட்ரல் வரை போய் ஆட்டோவோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

இன்னொன்று, வீட்டுச் சாவி. அந்தப் பெரியம்மாவின் சாவி இருந்த பை வேனோடு போய்விட்டது. வேன் வந்து சேர்ந்தது சாயங்காலம். அதுவரை அவர் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து வஞ்சிரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.