இரவு எங்கே நிறுத்துவது? ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்பகுதியான அவுட்பேக்கில் கேரவனோடு காசில்லாமல் தங்குவது பற்றி

[காட்சி: உப்பு ஏரியின் மேல் மாலை வெயில். கரையில் நாலைந்து கேரவன்கள்.]

வணக்கம். இப்போது நீங்கள் பார்க்கிற இடத்துக்குப் பெயர் லேக் ஹார்ட். தெற்கு ஆஸ்திரேலியாவில் போர்ட் அகஸ்டாவில் இருந்து ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையைப் பிடித்து வடக்கே வந்தால், பிம்பா என்ற சின்ன ஊரைத் தாண்டி ஒரு 40 கி.மீ. தூரத்தில், சாலைக்குப் பக்கத்திலேயே வெள்ளையாக விரிந்து கிடக்கும். தண்ணீர் இருக்கிற மாதிரிதான் தூரத்தில் தெரியும், கிட்டே போனால் முழுக்க உப்பு. இன்றைக்கு ராத்திரி நாங்கள் இங்கேதான் தங்குகிறோம். வாடகை கிடையாது, முன்பதிவு கிடையாது, யாரிடமும் கேட்க வேண்டியதும் இல்லை. வண்டியை ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டால் வீடு வந்து சேர்ந்த மாதிரிதான்.

இந்த ஊரில் இதற்கு ஃப்ரீ கேம்ப் என்று சொல்வார்கள். நிறையப் பேர் என்னிடம் கேட்கிற கேள்வி, "எந்த இடமெல்லாம் இலவசம், லிஸ்ட் கொடுங்களேன்" என்பதுதான். லிஸ்டுக்குப் பஞ்சமே இல்லை, விக்கிகேம்ப்ஸ் செயலியைத் திறந்தால் வரைபடம் முழுக்கக் குறிகள் இருக்கும், இங்கே பயணம் செய்பவர்களில் ரொம்பப் பேர் போனில் அது இருக்கிறது. ஆனால் அந்த இடத்தில் இலவசமாகக் கிடைப்பது கேரவன் நிற்கிற தரை மட்டும்தான். தண்ணீர், மின்சாரம், கழிப்பறை, குப்பைக்கு வழி, இதெல்லாம் நீங்கள் கொண்டுவந்திருந்தால் உண்டு. அதனால் ராத்திரி எங்கே தங்குவது என்பதைக் காலையில் கிளம்பும்போதே முடிவு செய்துவிட வேண்டும், டாங்கியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து.

[காட்சி: கேரவன் உள்ளே, சின்ன அடுப்பில் குக்கர்.]

தண்ணீரில் இருந்து தொடங்கலாம், ஏனென்றால் நம் சமையலுக்குத் தண்ணீர் அதிகம் வேண்டும். எங்கள் கேரவனில் 80 லிட்டர் டாங்கி இரண்டு. நாங்கள் இரண்டு பேர். கேட்க நிறைய மாதிரி இருக்கும், ஆனால் வீட்டில் குழாயைத் திறந்து வைத்துப் பாத்திரம் தேய்க்கிற பழக்கத்தோடு வந்தால் இரண்டே நாளில் காலி. இதோ பாருங்கள், அரிசி கழுவிய தண்ணீரை இந்தப் பேசினில் ஊற்றி வைத்திருக்கிறேன். சாப்பிட்டதும் தட்டை முதலில் பழைய பேப்பரால் துடைத்துவிட வேண்டும், எண்ணெய்ப் பிசுக்கு முழுக்க அதிலேயே போய்விடும். அப்புறம் இந்த அரிசித் தண்ணீரில் ஒரு முறை அலசி, கடைசியாக ஒரே ஒரு குவளை நல்ல தண்ணீர். இரண்டு தட்டு, ஒரு குக்கர், ஒரு கரண்டி, மொத்தம் ஒன்றரை லிட்டருக்குள் முடிந்துவிடும். குடிக்கிற தண்ணீர் தனி. அது டாங்கியில் கிடையாது, 10 லிட்டர் கேன்களில் காருக்குள் இருக்கிறது. கேரவன் எங்காவது சாய்ந்தாலோ, கல் அடித்து டாங்கி ஓட்டையானாலோ, குடிக்க நம்மிடம் தண்ணீர் இருக்க வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர் என்று கணக்கு வைத்து, இரண்டு நாளைக்குக் கூடுதலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் கிடைப்பது பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், உப்புக் கரிக்கும், டீ போட்டால் தெரியும்.

மின்சாரம் இன்றைக்குப் பெரிய விஷயமே இல்லை. கூரையில் சோலார் பலகை, கீழே லித்தியம் பேட்டரி இருந்தால் ஃப்ரிட்ஜும் விளக்கும் ஓடிவிடும், இந்த வெயிலுக்குக் கேட்கவா வேண்டும்.

சரி, எங்கே நிறுத்தலாம், எங்கே கூடாது? மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. வடக்குப் பிரதேசத்தில் நெடுஞ்சாலை ஓர ரெஸ்ட் ஏரியாக்களில் 24 மணி நேரம் வரை தங்கலாம் என்று பலகை வைத்திருப்பார்கள். குயின்ஸ்லாந்தில் அரசு நெடுஞ்சாலை ரெஸ்ட் ஏரியாக்களில் அது 20 மணி நேரம். ஓட்டுநர் களைப்பு தீர ஓய்வெடுத்துவிட்டுக் கிளம்பட்டும் என்பதற்காகத்தான் இந்த இடங்களே இருக்கின்றன, ஒரு வாரம் கூடாரம் போட்டு உட்கார இல்லை. செயலியில் யார் என்ன எழுதியிருந்தாலும் சரி, அங்கே நட்டிருக்கிற பலகைதான் சட்டம். போன வருடம் அனுமதித்த இடத்தில் இந்த வருடம் தடை போட்டிருப்பார்கள், பலகையைப் படிக்காமல் நிறுத்தி அபராதம் கட்டியவர்கள் உண்டு. ஊர் எல்லைக்குள்ளே பூங்கா ஓரம், கடற்கரை ஓரம் என்று நிறுத்துவதையும் பல நகராட்சிகள் அனுமதிப்பதில்லை.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். லாரிகளுக்கு என்று ஒதுக்கிய இடத்தில் கேரவனைப் போடாதீர்கள். இந்தப் பக்கம் ஓடுகிற ரோட் ட்ரெயின் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள், மூன்று டிரெய்லர் கோத்தால் 53.5 மீட்டர் நீளம் வரும். அந்த ஓட்டுநருக்குச் சட்டப்படி இத்தனை மணி நேரம் ஓட்டினால் இத்தனை மணி நேரம் தூங்க வேண்டும் என்று கட்டாயம் இருக்கிறது. நாம் குறுக்கே நிறுத்திவிட்டால் அவரால் திருப்பவும் முடியாது, அடுத்த இடம் வரை தூக்கக் கலக்கத்தோடு ஓட்ட வேண்டும். அதே சாலையில்தான் நாளைக்கு நாமும் போகிறோம். இரண்டுக்கும் பொதுவான இடமாக இருந்தால் உள்ளே தள்ளி, ஒரு மூலையில் நிறுத்துங்கள். அவர்களும் ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ் இன்ஜினை ஓடவிட்டிருப்பார்கள், தள்ளி நிறுத்தினால் நம் தூக்கத்துக்கும் நல்லது. வண்டிக்கு வண்டி பேசிக்கொள்கிற யு.எச்.எஃப். ரேடியோ ஒன்று மாட்டிக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் லாரிக்காரர்கள் 40-ஆம் சேனல், கேரவன்காரர்கள் 18. பின்னால் வருகிற ரோட் ட்ரெயின் முந்தும்போது "தாராளமாக வாங்க, நான் வேகத்தைக் குறைக்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நன்றி சொல்லிவிட்டுப் போவார்.

[காட்சி: டாஷ்போர்டு கேமரா பதிவு. சாலையோரம் கங்காருக்கள்.]

எத்தனை மணிக்கு நிறுத்துவது? நாலு மணி. எங்கள் விதி இதுதான், இதை நாங்கள் ஒரு தடவை மீறினோம். குளிர்காலம், ஜூலை மாதம், இந்தப் பகுதியில் ஆறு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். "இன்னும் 50 கி.மீ.தானே, அங்கே இடம் நன்றாக இருக்குமாம்" என்று ஐந்தரை மணிக்கு ஓட்டிக்கொண்டிருந்தோம். புதரில் இருந்து ஒரு கங்காரு வந்தது, அதற்கு பிரேக் அடித்துத் தப்பினோம், அதன் பின்னாலேயே இரண்டாவது வந்தது. பின்னால் இரண்டரை டன் கேரவன் தள்ளுகிறது, திருப்பவும் கூடாது, திருப்பினால் கேரவன் ஆடிக் கவிழும். நேராகப் பிடித்து பிரேக்கை அழுத்துவதைத் தவிர வழி இல்லை. எங்களுக்கு முன் விளக்கு உடைந்ததோடு போனது, அந்தப் பிராணி செத்துப்போனது. அன்றைக்கு ராத்திரி இரண்டு பேருமே சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அந்தி நேரமும் விடியற்காலையும்தான் கங்காரு மேய வருகிற நேரம், அதோடு இங்கே பல பண்ணைகளுக்குச் சாலையோரம் வேலியே கிடையாது, மாடுகள் தார் ரோட்டில் சூட்டுக்குப் படுத்திருக்கும். நாலு மணிக்கு வந்தால் இன்னொரு வசதியும் இருக்கிறது, நல்ல சமதளமான இடம் கிடைக்கும்.

எரிபொருள் கணக்கும் இதோடு சேர்ந்ததுதான். எங்கள் வண்டி தனியாக ஓடினால் 100 கி.மீ.க்குப் பத்து லிட்டர் டீசல் கேட்கும், கேரவனை இழுத்தால் 17, 18, எதிர்க்காற்று அடித்தால் 20. நாளைக்குப் போகிற வழியில் க்ளெண்டம்போவைத் தாண்டிவிட்டால் கூபர் பெடி வரைக்கும் சுமார் 250 கி.மீ.க்கு ஒரு பங்க் கிடையாது. போன் சிக்னலும் பெரும்பாலான இடத்தில் இருக்காது. இந்தத் தடத்தில் வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு நடந்து போகவே கூடாது, நிழலும் தண்ணீரும் வண்டியில்தான் இருக்கிறது, தேடி வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவதும் வண்டிதான்.

இப்போது யாரும் பேசத் தயங்குகிற விஷயம், கழிப்பறை. கேரவனில் இருப்பது கேசட் டாய்லெட், வெளியில் இருந்து பெட்டி மாதிரி இழுத்து எடுத்துக் கொட்டிக் கழுவலாம். கொட்ட வேண்டிய இடம் டம்ப் பாயிண்ட் மட்டும்தான், ஊர்களில் இருக்கும், செயலியிலும் காட்டும். ரெஸ்ட் ஏரியாவில் இருக்கிற குழிக் கழிப்பறையில் கொட்டாதீர்கள், நாம் போடுகிற ரசாயனம் அங்கே மக்க வைக்கிற கிருமிகளைக் கொன்றுவிடும், அப்புறம் அந்தக் கழிப்பறையே நாறிப்போகும். பாத்திரம் கழுவிய தண்ணீரையும் தரையில் விடாமல் ஒரு டாங்கியில் பிடித்து வைக்க வேண்டும் என்று பல இடங்களில் விதி. புதர் ஓரம் காகிதம் பறக்கிற இடங்களை நான் பார்த்திருக்கிறேன், மனது கஷ்டமாக இருக்கும். இப்படிப் பாழாக்கித்தான் எத்தனையோ நல்ல இடங்களுக்குப் பூட்டு விழுந்திருக்கிறது. சில ஊர்கள் வண்டிகள் வரட்டும், நம் கடைகளில் பாலும் ரொட்டியும் வாங்கட்டும் என்று நம்பிக்கையோடு இடம் கொடுக்கின்றன. குயின்ஸ்லாந்து எல்லையில் கமுவீல் பக்கம் ஜார்ஜினா ஆற்றங்கரையில் நிறுத்தினோம், பறவைகள் சத்தத்தில்தான் விழித்தோம். அங்கே தங்கினால் கமுவீல் கடையில் ஏதாவது வாங்கிவிட்டுப் போங்கள்.

எல்லா இரவும் இலவசமாகவே தங்க வேண்டும் என்று பிடிவாதமும் வேண்டாம். மூன்று நான்கு இரவுக்கு ஒரு முறை காசு கொடுத்து கேரவன் பார்க்கில் தங்கி, துணி துவைத்து, தண்ணீர் நிரப்பி, நன்றாகக் குளித்துவிடுவது எங்கள் வழக்கம். டெனன்ட் க்ரீக்குக்குத் தெற்கே 100 கி.மீ.யில் இருக்கிற கார்லு கார்லு உருண்டைப் பாறைகளுக்கு நடுவே தங்க ஆன்லைனில் பதிவு செய்து கட்டணம் கட்ட வேண்டும், அது முற்றிலும் தகும். உலுரு என்ற பெரிய சிவப்புப் பாறை இருக்கிற பூங்காவுக்குள்ளே இரவு தங்கவே முடியாது, வெளியே பக்கத்தில் இருக்கிற யுலாரா ஊரில் தங்கலாம். மேற்கு ஆஸ்திரேலியாவின் லேவர்டனில் இருந்து உலுரு பக்கம் போகிற கிரேட் சென்ட்ரல் ரோடு போன்ற தடங்கள் பழங்குடி மக்களின் நிலம் வழியாகப் போகின்றன, அதற்கு முன்கூட்டியே அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். ஒருவர் வீட்டு வாசலைக் கடக்கும்போது ஒரு வார்த்தை கேட்பது மாதிரிதான் இது. அதேபோல நல்லர்போர் சமவெளி வழியாக மேற்கே போகிறவர்களுக்கு ஒரு விஷயம், மேற்கு ஆஸ்திரேலியா எல்லையில் பழம், பச்சைக் காய்கறி, தேன் எல்லாவற்றையும் சோதித்து எடுத்துக்கொள்வார்கள். முந்தின ராத்திரியே இருக்கிற காயை எல்லாம் போட்டு ஒரு சாம்பார் வைத்துவிடுங்கள். கறிவேப்பிலை இருந்தால் அதையும் காட்டிவிடுங்கள்.

[காட்சி: இருட்டு. தூரத்தில் ஒற்றை விளக்கு நெருங்கி வருகிறது.]

இங்கே பாருங்கள், ரயில் வருகிறது. நாங்கள் நிற்கிற இடத்துக்கும் ஏரிக்கும் நடுவேதான் தண்டவாளம், டார்வின் போகிற தி கான் ரயிலும் இதே பாதைதான். ஒட்டகங்களோடு வந்து இந்தப் பாலைவனத்தில் சாமான் சுமந்த ஆட்களை அந்தக் காலத்தில் ஆப்கன் என்று அழைத்தார்கள், அவர்களில் பலர் அன்றைய இந்தியாவில் இருந்து வந்தவர்கள், அந்தப் பெயர்தான் ரயிலுக்கு வந்தது. இப்போது வருவது சரக்கு ரயில். முதல் பெட்டி போய்க் கடைசிப் பெட்டி வருவதற்குள் கையில் இருக்கிற டீ ஆறிவிடும்.

[காட்சி: காலை. கேரவனைச் சுற்றி நடக்கிறோம்.]

கிளம்புவதற்கு முன்னால் இந்த ஒரு சுற்று. படிக்கட்டை மடித்தாயிற்று, ஜன்னல் எல்லாம் பூட்டியாயிற்று, கேஸ் மூடியாயிற்று, கொக்கியும் சங்கிலியும் சரி, பின் விளக்கு எரிகிறது. டயரைக் கையால் தொட்டுப் பாருங்கள். கீழே நாம் போட்டது ஏதாவது கிடக்கிறதா? அதோ, நேற்று உரித்த வெங்காயத் தோல், அதையும் பையில் போட்டுக்கொள்கிறேன். தண்ணீர் முதல் டாங்கியில் பாதி, இரண்டாவது முழுசாக இருக்கிறது. டீசல் முக்கால். இன்றைக்குக் கூபர் பெடி.