எல்லைக்கோட்டுக்கு வெளியே ஒதுங்காத ஓட்டக்காரர்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்து என்று பெயர் இருந்தாலும், அந்த விளையாட்டில் பந்தைக் காலால் உதைப்பது அரிது. பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடுவதும், முன்னால் ஓடுகிறவருக்கு அதை எறிவதுமே ஆட்டத்தின் பெரும்பகுதி. அணிக்குப் பதினொரு பேர். நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜ தூரம் முன்னேறினால்தான் பந்து தங்கள் வசம் இருக்கும். ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக்கின் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டு, நூறு கிலோவுக்கும் மேல் எடையுள்ள எதிரணியினர் நடுவே புகுந்து ஓடுகிறவருக்கு ரன்னிங் பேக் என்று பெயர். கபடியில் பாடிப் போகிறவரைப் பலர் சேர்ந்து அமுக்குவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலையின் கடுமை ஓரளவு புரியும். ஒரே ஆட்டத்தில் இருபது, முப்பது தடவை இப்படி மோதி விழுகிற உடல் நெடுங்காலம் தாங்குவதில்லை. முப்பது வயதைத் தாண்டுவதற்குள் இவர்களில் பலருடைய ஆட்டம் முடிந்துவிடுகிறது.

அத்தகைய இடத்தில் 13 பருவங்கள் நின்று ஆடி, அத்தனை ஆண்டுகளில் ஒரே ஒரு ஆட்டத்தை மட்டும் தவறவிட்ட வால்டர் பேட்டனைப் பற்றித்தான் இன்று பேசவிருக்கிறேன்.

அமெரிக்காவின் தென்பகுதியில், மிசிசிப்பி மாநிலத்தில் உள்ள கொலம்பியா என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி, வெள்ளையினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி என்று ஊர் பிரிந்து கிடந்த காலம் அது. அண்ணன் எடி பள்ளி அணியில் ஆடிக்கொண்டிருந்தவரை, தம்பி வால்டர் பள்ளியின் இசைக்குழுவில் மேளம் வாசித்துக்கொண்டிருந்தார். அண்ணன் பள்ளியை விட்டுப் போன பிறகுதான் அவர் பந்தைத் தொட்டார். 1970இல் இரு பள்ளிகளும் ஒன்றாக்கப்பட்டபோது, அதுவரை தனித்தனியாக ஆடிவந்த இரு இனத்துப் பையன்களும் ஒரே அணியில் சேர்ந்தார்கள். வெள்ளிக்கிழமை இரவுகளில், நேற்றுவரை விலகி நின்ற ஊர் மக்கள் ஒரே மைதானத்தில் அமர்ந்து ஒரு கறுப்பினச் சிறுவனின் ஓட்டத்தைப் பார்த்தார்கள். ஆனாலும் தென்மாநிலத்துப் பெரிய பல்கலைக்கழகங்கள் அவரைத் தேடி வரவில்லை. கறுப்பின மாணவர்களுக்கென்றே நிறுவப்பட்ட ஜாக்சன் ஸ்டேட்டில்தான் அவர் சேர்ந்தார்.

அங்கே பயிற்சியாளராக இருந்தவர் பாப் ஹில். எளிதில் விழுந்துவிடாதே, உன்னைத் தள்ளுகிறவன் அதற்குரிய விலையைக் கொடுக்கட்டும் என்பது அவர் புகட்டிய பாடம். பேட்டன் அதை அப்படியே உடலில் வாங்கிக்கொண்டார். பக்கவாட்டுக் கோட்டை ஒட்டி ஓடும்போது, எதிரே இருவர் பாய்ந்து வந்தால், பெரும்பாலான ஓட்டக்காரர்கள் கோட்டுக்கு வெளியே ஒதுங்கிவிடுவார்கள். அதில் தவறொன்றும் இல்லை, அடி படாமல் தப்பலாம். பேட்டனோ தோளைத் தாழ்த்தி, பந்து இல்லாத கையை இரும்புபோல் நீட்டி, வருகிறவர் மீது தாமே சென்று மோதுவார். அந்த மோதலில் கிடைப்பது ஓரடியோ இரண்டடியோதான். எதிரணிக்காரரோ அடுத்த முறை பாய்வதற்கு முன் ஒரு கணம் தயங்குவார். அந்தத் தயக்கத்தைச் சம்பாதிக்கத்தான் பேட்டன் அத்தனை அடி வாங்கினார் என்று நான் கருதுகிறேன்.

இதற்கு வேண்டிய கால்வலுவை அவர் பயிற்சிக்கூடத்தில் தேடவில்லை. சொந்த ஊரில் பேர்ல் ஆற்றங்கரை மணலில், கால் புதையப் புதைய ஓடினார். பின்னாளில் சிகாகோவுக்கு அருகில் ஆர்லிங்டன் ஹைட்ஸ் என்ற ஊரில் செங்குத்தான ஒரு குன்றைக் கண்டுபிடித்து, ஆட்டம் இல்லாத மாதங்களில் அதன் மேலும் கீழுமாகத் திரும்பத் திரும்ப ஓடினார். கூட ஓட வந்த சக ஆட்டக்காரர்கள் பாதியிலேயே துவண்டு போவார்கள். அந்தக் குன்று இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

1975இல் சிகாகோ பேர்ஸ் அணி, புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் வரிசையில் நான்காவது ஆளாக அவரை எடுத்தது. முதல் ஆட்டத்தில் எட்டு முறை பந்தை ஏந்தி ஓடினார். மொத்தமாக முன்னேறிய தூரம் பூஜ்யம். அப்போது பேர்ஸ் நலிந்த அணி. அவருக்கு வழி திறந்துவிட வேண்டிய முன்வரிசையும் வலுவாக இல்லை. இரண்டே ஆண்டுகளில் நிலைமை மாறியது. 1977 நவம்பர் 20 அன்று, காய்ச்சலோடு மைதானத்தில் இறங்கிய பேட்டன், மினசோட்டா வைக்கிங்ஸ் அணிக்கு எதிராக 40 முறை பந்தை ஏந்தி 275 கெஜ தூரம் ஓடினார். ஒரே ஆட்டத்தில் அவ்வளவு தூரம் அதற்கு முன் எவரும் ஓடியதில்லை. 2000ஆம் ஆண்டு வரை அந்தச் சாதனை அசையாமல் நின்றது. அந்தப் பருவத்தில் மொத்தம் 1,852 கெஜம் ஓடி, தொழில்முறை லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதையும் பெற்றார்.

1984 அக்டோபர் 7 அன்று, முந்தைய தலைமுறை ரன்னிங் பேக் ஜிம் பிரவுன் ஓடிவைத்த 12,312 கெஜம் என்ற வாழ்நாள் சாதனையைச் சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்ட் மைதானத்தில் கடந்தார். நேர்மையாகச் சொன்னால், பிரவுன் அந்தத் தூரத்தை ஒன்பதே பருவங்களில் ஓடியவர். ஓட்டத்தின் வீச்சை மட்டும் அளந்தால் பிரவுனே மேல் என்பவர்களோடு நான் வாதிட மாட்டேன். ஆனால் பந்து தம் கையில் இல்லாத நேரத்தில் பேட்டன் செய்ததைப் பாருங்கள். குவார்ட்டர்பேக்கைத் தாக்க ஓடிவருகிற, தம்மைவிடப் பெருத்த உருவங்களை எதிர்கொண்டு தடுத்தார். எறியப்பட்ட பந்துகளை 492 முறை பிடித்தார். தேவைப்பட்டபோது தாமே பந்தை எறிந்து, எட்டு டச்டவுன்களுக்கு, அதாவது எதிரணியின் இலக்குக் கோட்டைப் பந்தோடு கடந்து புள்ளி பெறுவதற்கு, வழி செய்தார். தம்மைக் கீழே தள்ளியவருக்கே கைகொடுத்துத் தூக்கிவிடுவதும் அவர் வழக்கம். ஸ்வீட்னெஸ், அதாவது இனிமை, என்ற செல்லப்பெயர் அப்படிப்பட்டவருக்குப் பொருந்தியதில் வியப்பில்லை.

1985ஆம் ஆண்டுப் பருவத்தில், மைக் டிட்கா என்ற பயிற்சியாளரின் கீழ், பேர்ஸ் அணி 16 ஆட்டங்களில் 15ஐ வென்றது. 1986 ஜனவரி 26 அன்று நியூ ஆர்லியன்ஸில் நடந்த சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸை 46க்கு 10 என்று நொறுக்கியது. எதிரணி பேட்டனையே குறிவைத்துச் சூழ்ந்துகொண்டதால் மற்றவர்களுக்கு வழி திறந்தது. அவருக்கோ ஒரு டச்டவுன்கூட வாய்க்கவில்லை. இலக்குக் கோட்டுக்கு ஒரு கெஜ தூரத்தில் பந்து இருந்தபோது, வில்லியம் பெர்ரி என்ற பேருருவத் தடுப்பாட்டக்காரரிடம் டிட்கா பந்தைக் கொடுக்கச் செய்தார். அரங்கம் ஆர்ப்பரித்தது. ஆனால் பத்தாண்டுக் காலம் அணியைத் தோளில் சுமந்தவருக்கு அந்த ஒரு கெஜம் மறுக்கப்பட்டதை இன்று நினைத்தாலும் எனக்கு மனம் ஆறவில்லை. வெற்றிக்குப் பிறகு பேட்டன் மற்றவர் கண்ணில் படாமல் ஒதுங்கிக்கொண்டார். டிட்காவும் பிற்காலத்தில் தம் பயிற்சியாளர் வாழ்வின் பெரிய வருத்தம் அதுவே என்று வெளிப்படையாகச் சொன்னார்.

1987ஆம் ஆண்டுப் பருவத்தோடு பேட்டன் ஓய்வு பெற்றார். ஓடிய தூரம் 16,726 கெஜம். பந்தை ஏந்திய தடவைகள் 3,838. 1993இல், சிறந்த ஆட்டக்காரர்களைப் போற்றும் தொழில்முறைக் கால்பந்தின் புகழ்மண்டபத்தில் அவரைச் சேர்த்தபோது, மேடையில் அவரை அறிமுகப்படுத்தியவர் பன்னிரண்டு வயது மகன் ஜாரெட்.

1999 பிப்ரவரியில் பத்திரிகையாளர்கள் முன் வந்து அமர்ந்த பேட்டனைப் பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள். உடல் பாதியாக மெலிந்திருந்தது. பித்தநாளங்கள் தழும்பேறிச் சுருங்கும் அரிய நோய் ஒன்று தம்மைப் பற்றியிருப்பதாகவும், மாற்றுக் கல்லீரல் தேவைப்படுவதாகவும் அவர் சொன்னார். பயமாக இருக்கிறதா என்ற கேள்விக்கு, ஆம் என்று ஒப்புக்கொண்டு, மகன் அருகில் இருக்கக் கண்ணீர் விட்டார். அதன்பின் பித்தநாளத்தில் புற்றுநோயும் கண்டதால் மாற்றுக் கல்லீரலுக்கு வழியில்லாமல் போயிற்று. தமக்கு இனி உதவாது என்று தெரிந்த பிறகும், மற்ற நோயாளிகளுக்காக உறுப்புக் கொடையை வலியுறுத்திப் பேசிக்கொண்டே இருந்தார். அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று அவர் காலமானார். ஐம்பது வயதைக்கூட அவர் எட்டவில்லை.

அவருடைய ஓட்டச் சாதனையை 2002 அக்டோபரில் டல்லஸ் கவ்பாய்ஸ் அணியின் எம்மிட் ஸ்மித் கடந்துவிட்டார். எனினும், ஆட்டத் திறமையோடு பொதுத்தொண்டிலும் சிறந்து விளங்குகிற ஒருவருக்கு ஆண்டுதோறும் லீக் வழங்குகிற விருது, 1999 முதல் வால்டர் பேட்டன் பெயரைத் தாங்கி வருகிறது. அந்த விருதை 1977இல் அவரே பெற்றிருந்தார். இன்று 32 அணிகளும் தத்தம் பக்கத்திலிருந்து ஒருவரை அதற்கு முன்மொழிகின்றன. விருது பெற்றவர் தொடர்ந்து ஆடினால், அதற்குரிய சின்னத்தைச் சட்டையில் அணிந்து களமிறங்குகிறார்.

நன்றி, வணக்கம்.