சீட் கவர் வாங்கும் முன் சீட்டைப் பாருங்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். கார், வேன் சீட்டுகளுக்கு உறை தைத்துப் போடுவது என் தொழில். எங்கள் பக்கத்தில் குஷன் கடை என்பார்கள். கடைக்கு வருகிறவர் முதலில் நிறத்தைக் கேட்பார், அப்புறம் விலையைக் கேட்பார், கடைசியில் "எத்தனை வருஷம் உழைக்கும்?" என்பார். தன் காரின் சீட்டுக்குள் என்னென்ன இருக்கிறது என்று கேட்பவர் அபூர்வம். நான் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அம்பாசடர் காலத்து சீட்டுக்குள் ஸ்பிரிங்கும் தேங்காய் நாரும்தான். அதன் மேல் எதைப் போர்த்தினாலும் கெட்டுப்போவதற்கு ஒன்றுமில்லை. அதிகாரிகளின் காரில் வெள்ளை டர்க்கி டவல் விரித்தார்கள். இன்றும் அந்த டவல் பதவியின் அடையாளமாகவே இருக்கிறது. ஆனால் சீட் மாறிவிட்டது. ஆறு ஏர்பேக் உள்ள கார் என்று இப்போது சிறிய கார்களுக்கே விளம்பரம் வருகிறது. அந்த ஆறும் எங்கே இருக்கின்றன? பெரும்பாலான கார்களில் ஸ்டியரிங்கில் ஒன்று, டேஷ்போர்டில் ஒன்று, கூரை ஓரத்திலிருந்து திரைபோல இறங்குபவை இரண்டு. மீதி இரண்டும் முன் சீட்டுகளின் சாய்மானத்துக்குள், கதவை ஒட்டிய விளிம்பில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். பக்கவாட்டில் வேறொரு வண்டி வந்து மோதினால் அவை சீட்டின் தையலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து உங்கள் விலாவுக்கும் கதவுக்கும் நடுவில் விரிய வேண்டும். கண்ணை மூடித் திறப்பதற்குள் நடந்து முடிய வேண்டிய காரியம் அது.

அந்த விளிம்பின் மேல் தடித்த ரெக்ஸினை இறுக்கி மூடி, இரட்டைத் தையலும் போட்டுவிட்டால் என்ன ஆகும்? பை விரியத் தாமதமாகலாம், வேறு திசையில் போகலாம், உள்ளேயே சிக்கிக்கொள்ளலாம். இதனால்தான் பல கார்களோடு தரும் கையேட்டில், பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சீட்டுக்கு நிறுவனம் அனுமதிக்காத உறை போடாதீர்கள் என்று எழுதியிருக்கிறார்கள். கையேட்டை யார் படிக்கிறார்கள் என்பது வேறு கதை.

வீட்டில் போய் ஒரு வேலை செய்யுங்கள். முன் கதவைத் திறந்து சீட்டின் பக்கவாட்டைப் பாருங்கள். ஏர்பேக் என்று ஆங்கிலத்தில் எழுதிய சின்னத் துணிப் பட்டை தைத்திருக்கும், அல்லது பிளாஸ்டிக்கில் அச்சிட்டிருக்கும். அது இருந்தால், கடையில் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "இந்த இடத்தை எப்படி விட்டிருக்கிறீர்கள்?" சரியான உறையில் அந்தப் பக்கம் முழுவதும் திறந்திருக்கும். அல்லது அந்தத் தையல் மட்டும், அழுத்தம் வந்தால் சட்டென்று விட்டுப்போகும்படி தனி நூலால் போட்டிருக்கும். அட்டைப்பெட்டியில் 'ஏர்பேக்குக்கு ஏற்றது' என்று அச்சடித்திருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். உறையை விரித்து அந்தத் தையலைக் காட்டச் சொல்லுங்கள், அது உங்கள் கார் மாடலின் ஏர்பேக் இருக்கும் உயரத்தில் வருகிறதா என்றும் பாருங்கள். எல்லா காருக்கும் பொருந்தும் என்று விற்பது எந்தக் காருக்கும் சரியாகப் பொருந்தாது.

பொருத்தும்போதும் ஒரு எச்சரிக்கை தேவை. முன் சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்பிகள் இருக்கும். அவை ஏர்பேக் வயர்கள். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று சீட்டைக் கழற்றி, அந்த வயரைப் பிடுங்கி வேலை செய்யும் பையன்கள் உண்டு. கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, கார் கையேட்டில் சொல்லியிருக்கும் நேரம் காத்திருக்க வேண்டும். வேலை முடிந்ததும் சாவியைத் திருப்பிப் பாருங்கள். ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைந்தால் நல்லது. அணையாமல் நின்றால் நேராக சர்வீஸ் சென்டருக்குப் போங்கள், கடையில் நின்று வாக்குவாதம் செய்வதில் பயனில்லை.

பின் சீட்டில் பிரச்சினை வேறு மாதிரி. வாடகைக் காரில் ஏறி பின்னால் பெல்ட் போடப் பார்த்திருக்கிறீர்களா? பட்டை கையில் வரும், மாட்டுகிற பக்கிளைக் காணோம். அது சீட் கவருக்கு அடியில் புதைந்திருக்கும். 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிரத்தில் பால்கர் அருகே கார் விபத்தில் இறந்தார். பின் சீட்டில் இருந்த அவர் பெல்ட் அணியவில்லை என்று போலீசார் சொன்னார்கள். அதன் பிறகு நாடு முழுவதும் பின் சீட் பெல்ட் பற்றிப் பேச்சு எழுந்தது. ஆனால் எத்தனை வண்டிகளில் அந்தப் பக்கிளை வெளியே எடுத்து விட்டார்கள்? உறையில் அதற்கென்று வெட்டிய துளைகள் வேண்டும், மூன்று பேருக்கும் வேண்டும். குழந்தை சீட்டை மாட்டுகிற ஐசோஃபிக்ஸ் வளையங்களும் சீட்டும் சாய்மானமும் சேரும் இடுக்கில்தான் இருக்கின்றன. கைக்குழந்தை உள்ள வீட்டில் அதையும் மூடிவிடாதீர்கள்.

இனி துணிக்கு வருவோம். வெயில்தான் இங்கே முதல் வாடிக்கையாளர். அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 38 டிகிரியைத் தாண்டிய நாட்களில் காரை ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்திப் பார்த்தபோது சீட்டின் சூடு சராசரியாக 51 டிகிரியைத் தொட்டிருக்கிறது. வேலூர்க்காரர்களுக்கும் திருத்தணிக்காரர்களுக்கும் 38 டிகிரி ஒரு சாதாரண மே மாத நாள். அப்படி இருக்க, கன்னங்கரேல் ரெக்ஸினை ஏன் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்றால் 'அழுக்கு தெரியாது' என்பதுதான் பதில். அழுக்கு தெரியாது, சரி. தொடை சுடுவது தெரியுமே! நடுத்தரமான சாம்பலோ பழுப்போ எடுத்தால் அழுக்கும் அவ்வளவாகத் தெரியாது, கறுப்பு அளவுக்குச் சுடவும் சுடாது. வெளிர் நிறம் எடுத்தால் புது ஜீன்ஸின் நீலச் சாயம் ஏறும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

'நாப்பா' என்றால் மிருதுவான தோல். ஆனால் கடையில் அந்தப் பெயரில் காட்டுவதில் பெரும்பாலானவை செயற்கைப் பொருள்தான். அதில் பி.யு. எனப்படும் பாலியூரிதேன் தொட மெத்தென்று இருக்கும். மலிவான ரகமாக இருந்தால் ஈரக்காற்றிலும் வியர்வையிலும் சிதைந்து செதில் செதிலாக உரியும். சென்னை, நாகப்பட்டினம் மாதிரி கடற்கரை ஊர்களில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். ரெக்ஸின் என்கிற பி.வி.சி. கொஞ்சம் முரடு, காற்றே போகாது, ஆனால் தண்ணீரும் போகாது. துணி உறை உட்கார மிகவும் சுகம். நாள் முழுக்க ஓட்டுகிற டிரைவரின் முதுகுக்கு நான் துணியையே சொல்வேன். கழற்றித் துவைக்கிற பொறுமை வேண்டும், அவ்வளவுதான். காற்று வரும் சீட் உள்ள கார் வாங்கிவிட்டு அதன் மேல் ரெக்ஸின் போடச் சொல்லி வருபவர்களிடம் மட்டும் நான் இரண்டு முறை கேட்பேன். அந்த விசிறிக்குக் கொடுத்த காசு அத்தனையும் உறைக்கு அடியில் போய்விடும்.

சுற்றுலா வேனுக்கும் பள்ளி வேனுக்கும் இந்த யோசனைகளெல்லாம் வேண்டாம். ஊட்டி, கொடைக்கானல் கொண்டை ஊசி வளைவில் ஏறும் வேனில் யாராவது ஒருவர் வாந்தி எடுக்காமல் இருக்கமாட்டார். அங்கே வழவழப்பான ரெக்ஸின்தான் ராஜா. ஆனால் வைரக் கட்டம் போட்டு உட்காரும் இடமெல்லாம் தைத்த டிசைன் வேண்டாம். ஒவ்வொரு ஊசித் துளையும் ஈரத்தை ஃபோமுக்குள் இறக்கும், அந்த வாடை வெயிலில் எத்தனை கழுவினாலும் போகாது. தையல் ஓரத்தில் மட்டும் இருக்கட்டும். உறை தளர்ந்தும் இருக்கக் கூடாது. வழுக்கும் உறையில் பிரேக் அடித்தால் சின்னப் பிள்ளை பெல்ட்டுக்கு அடியில் சரிந்து போகும்.

தலை வைக்கும் இடத்துக்குத் தனியாகக் கழற்றும் உறை கேளுங்கள். தேங்காய் எண்ணெயும் நசுங்கிய மல்லிகையும் அங்கேதான் கறை போடும். அதைத் துடைக்க பெட்ரோலும் தின்னரும் வேண்டாம், சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும்.

புதுக் கார் சீட்டின் பாலித்தீனைக் கழற்றாமல் அதன் மேலேயே உறை, உறைக்கு மேலே டவல் என்று மூன்று அடுக்கு வைத்திருப்பவர்களையும் பார்க்கிறேன். பாலித்தீனை இன்றே கிழித்துவிடுங்கள். வியர்வை அடியில் தங்கிப் பூஞ்சை பிடிக்கும், உறையும் நிற்காமல் நழுவும்.

கடைசியாக, அடிக்கடி வரும் கேள்வி ஒன்று. ஏர்பேக் உள்ள சீட், அதற்குச் சரியான உறை எங்கும் கிடைக்கவில்லை, என்ன செய்வது? முன் சீட்டுகளின் சாய்மானத்தை அப்படியே விட்டுவிடுங்கள். உட்காரும் பகுதிக்கும் தலைப் பகுதிக்கும் பின் சீட்டுக்கும் மட்டும் தைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். பின் சீட்டிலும் ஏர்பேக் என்று எழுதிய அந்தத் துணிப் பட்டை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், சில கார்களில் இருக்கும். முழு செட்டாக விற்றால்தான் எங்களுக்கு லாபம் என்பதால் முதலில் கொஞ்சம் முகம் சுளிப்போம். விடாமல் கேளுங்கள், தைத்துத் தருவோம். வணக்கம்.