மேயரிடம் கப்பல் இருந்ததா?

நடுவர் அவர்களே, இரு அணித் தோழர்களே, ரொறன்ரோ உறவுகளே, வணக்கம்.

போருக்குப் பின் கடல்வழியே தப்பி ஓடிய வியட்நாம் அகதிகளைக் கனடாவில் வாழவைத்தது அரசின் கொள்கையா, மக்களின் மனமா? மக்களின் மனம்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

1979 கோடை. 8,000 பேரை எடுப்பதாக அரசு சொல்லியிருக்கிறது. ஒட்டாவா மேயர் மரியன் டியூவர் விசாரிக்கிறார், அதில் இன்னும் எத்தனை பேர் மிச்சம் என்று. 4,000 என்கிறார்கள். சரி, அந்த 4,000 பேரையும் ஒட்டாவாவே எடுக்கும் என்றுவிட்டார் அந்த அம்மா! நடுவர் அவர்களே, இன்னொரு தரம் சொல்கிறேன். முழு நாட்டுக்கும் மிச்சமிருந்த கணக்கை ஒரே ஊர் கேட்டது! குடிவரவு மேயரின் அதிகாரத்தில் உள்ள விஷயமா? இல்லவே இல்லை. ஆனாலும் லான்ஸ்டவுன் பார்க்கில் கூட்டம் போட்டார். ஆயிரக்கணக்கில் சனம் திரண்டு வந்தது.

இதற்கு எதிரணி நண்பர் கேட்டாரே ஒரு கேள்வி: "மேயர் என்ன, கப்பலா வைத்திருந்தார்?" நீங்களும் கைதட்டினீர்கள்.

நண்பரே, கப்பலுக்கா அன்று பஞ்சம்? 1978 நவம்பரில் ஹாய் ஹொங் என்ற கப்பல் சுமார் 2,500 வியட்நாம் அகதிகளுடன் மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்துக்கு அப்பால் நின்றது. மலேசிய அரசு இறங்க விடவில்லை. அதுவும் ஓர் அரசின் கொள்கைதானே! கப்பல் இருந்தது ஐயா, கரைதான் இல்லை!

1976 குடிவரவுச் சட்டம் தனியார் ஸ்பொன்சருக்கு, அதாவது மக்களே பொறுப்பேற்று அகதிகளை அழைப்பதற்கு, இடம் கொடுத்தது, ஒத்துக்கொள்கிறேன். அப்புறம் ஐந்து பேராகச் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, ஒரு குடும்பத்தின் வாடகையையும் சாப்பாட்டையும் ஒரு வருடம் சுமந்தது யார்? 1979, 80இல் வந்த 60,000 பேரில் பாதிக்கும் மேற்பட்டோர் அப்படித் தனியார் ஸ்பொன்சரில் வந்தவர்கள். அகதிகளுக்கு உதவுவோருக்கான ஐ.நா.வின் நான்சன் பதக்கம் 1986இல் கனடா மக்களுக்கு என்றே கொடுக்கப்பட்டது.

அதே 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகள். உள்ளே 155 ஈழத் தமிழர். நம்முடைய சனம், நடுவர் அவர்களே. நம்முடைய அண்ணன், தம்பி, அக்கா. கண்டது ஒரு மீனவர். எந்த நாடு, என்ன பேப்பர் வைத்திருக்கிறாய் என்று கேட்டுவிட்டா அந்த மீனவர்கள் நம் ஆட்களைத் தூக்கி ஏற்றினார்கள்? அந்தக் கைகளுக்குத் தீர்ப்பைக் கொடுங்கள், ஐயா. நன்றி, வணக்கம்.