பச்சைத் துணிக் காலம்

(ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாள்களில் ஏற்காட்டில் நடந்த ஊழியர் கூடுகையில் பேசியது)

எல்லாருக்கும் தோத்திரம். சேலத்து வெயிலுக்குத் தப்பி, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, பாதிப் பேர் தலைசுற்றலோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். புளிப்பு மிட்டாய் வேண்டுமென்றால் கூச்சப்படாமல் கேளுங்கள்.

வரும் வழியில் காப்பிச் செடிகள் வெள்ளை வெளேரென்று பூத்திருந்ததைப் பார்த்திருப்பீர்கள். கோடை மழை ஒன்று நன்றாகப் பெய்தால் எட்டுப் பத்து நாளில் தோட்டமே பூத்துவிடும். மல்லிகை மாதிரி வாசனை. இரண்டு மூன்று நாளில் எல்லாம் வாடிவிடும். பழம் பறிப்பதோ நவம்பர் வாக்கில்தான். நடுவில் இருக்கிற ஏழெட்டு மாதமும் நின்று போட்டோ எடுக்க அங்கே ஒன்றும் கிடையாது. சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820களில் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்த நாளிலிருந்து இதே கணக்குதான்.

நம் ஆலயத்துக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. இப்போது பீடத்தில் ஊதாத் துணி. ஈஸ்டருக்கு வெள்ளை, பெந்தெகொஸ்தேக்குச் சிவப்பு. அப்புறம் பச்சை விரித்தால், இடையில் ஒன்றிரண்டு நாள் தவிர, நவம்பர் கடைசிவரை பச்சைதான். ஏறக்குறைய பாதி வருஷம். பாட்டுப் பயிற்சி இல்லை, நட்சத்திரம் கட்டுவது இல்லை, குருத்தோலை இல்லை. சபை நாள்காட்டி வகுத்தவர்கள் விவரம் தெரிந்தவர்கள் என்றே நினைக்கிறேன். விசுவாச வாழ்க்கையில் பெரும்பகுதி இப்படித்தான் போகும் என்று பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் ஊழியக் குழுவில் இருக்கிற நாம் எல்லாரும் டிசம்பர் மாதத்து ஆட்கள். பெரியாஸ்பத்திரி வராந்தாவில் பாயை விரித்துப் படுத்திருக்கிறவர்களுக்குப் போர்வை கொடுக்கிற அன்று நாற்பது பேர் வருவோம். ஜூலை மாதத்து செவ்வாய்க்கிழமை பாலும் ரொட்டியும் கொண்டுபோக நாலு பேர்கூடத் தேறுவதில்லை. ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்தால் செவ்வாய்ப்பேட்டை மாலை வகுப்புக்குப் பிள்ளைகள் வருவதில்லை என்று குறைப்படுகிறோமே, டிசம்பரில் நாம் எத்தனை நாள் வகுப்பு எடுக்கிறோம் என்று யாராவது எண்ணியிருக்கிறோமா?

சரி, என் கதைக்கு வருகிறேன். அம்மா படுக்கையில் விழுந்த மூன்று வருஷம் நான் எங்கேயும் போகவில்லை. ஞாயிறு ஆராதனைக்கே போகாத மாதங்கள் உண்டு. ஜெபிக்க உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும். "அக்கா பின்வாங்கிட்டாங்க" என்று பேச்சு அடிபட்டது என் காதுக்கும் வந்தது. நிறையப் பேர் போன் செய்து, "ஜெபிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். தோட்டக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், வெறும் தூறலோடு மழை நின்றுவிட்டால் மொட்டு ஒழுங்காக விரியாது, அப்படியே கருகும் என்பார்கள். அந்தத் தூறலுக்கு மழையே வராமல் இருக்கலாம்.

ஒரே ஒரு அம்மாதான் புதன்கிழமைதோறும் மதியம் வருவார். வசனம் சொல்லமாட்டார். "நீ போய்ப் படு" என்பார். என் அம்மாவைத் திருப்பிப் படுக்கவைத்து, பவுடர் போட்டு, கஞ்சி கொடுத்து, ஐந்து மணிக்கு என்னை எழுப்பிவிட்டுப் போவார். அந்தத் தூக்கம்தான் எனக்கு அப்போது ஆலயத்தில் அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்து. போதகர் ஐயர் இருக்கிறார், இப்படிச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும்.

இவ்வளவும் பட்ட நானே பிறகு என்ன செய்தேன் தெரியுமா? நன்றாக உழைத்த ஒரு தம்பி, கல்யாணமாகிக் குழந்தை பிறந்ததும் வருவதைக் குறைத்துக்கொண்டான். ஜெபக்கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அவன் பேரைச் சொல்லி, "பழைய வைராக்கியத்தைத் திரும்பக் கொடும் ஆண்டவரே" என்று ஜெபித்தேன். அவன் மனைவி கைக்குழந்தையோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்ததை ஆமென் சொன்ன பிறகுதான் பார்த்தேன். அதற்கப்புறம் இரண்டு பேருமே வரவில்லை. வீடு தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். காப்பி கொடுத்தார்கள், நன்றாகப் பேசினார்கள். குழுவுக்குத் திரும்பவில்லை.

எல்லாவற்றுக்கும் ஒரு காலம் உண்டு என்று வேதாகமத்தில் பிரசங்கி மூன்றாம் அதிகாரத்தைத் துக்க வீட்டில் வாசிக்கிறோம். அந்தப் பட்டியலில் நடுவதற்கு ஒரு காலம் இருப்பதுபோல் நட்டதைப் பிடுங்கவும் ஒரு காலம் இருக்கிறது. தழுவுவதற்கும் தழுவாமலிருப்பதற்கும்கூட இருக்கிறது. கிளைகளை வெட்டிக் கவாத்து செய்த செடியைப் பார்த்தால் பட்டுப்போனது மாதிரிதான் தெரியும். சிலர், "ஆண்டவர் உன்னைக் கவாத்து செய்கிறார்" என்று அடுத்தவரிடம் தைரியமாகச் சொல்கிறார்கள். கத்தி யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்லட்டும். நாம் சொல்ல வேண்டாம்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது, முடித்துக்கொள்கிறேன். அடுத்த மாதம் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கான நோட்டு பின்னாலிருந்து வருகிறது. முடிந்தவர்கள் பேர் எழுதுங்கள், முடியாதவர்கள் அப்படியே பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். "வராததற்குக் காரணம்" என்று ஒரு கட்டம் இருந்ததல்லவா, அதை இந்த முறை போடவில்லை.